காது திரும்பும் திசை

டென்னசி மாநிலம். ஏப்ரல் காலை. ஏலக் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து இரவு மழை இன்னும் சொட்டுகிறது.

ஈர மரத்தூள். சாணம். டீசல் புகை. காகிதக் கோப்பையில் தண்ணிக் காப்பி.

பட்டிக் கம்பிகளுக்கு மேலே காதுகள் மட்டும் தெரிகின்றன. நீளக் காதுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியபடி.

*

பின்தொடையில் வட்டக் காகிதம், அதில் எண். கையிலிருக்கும் பட்டியலில் அதே எண்ணுக்கு எதிரே நிறம், வயது, உயரம். உயரத்தைக் கைக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஒரு கை நான்கு அங்குலம்.

தாய் குதிரை. தகப்பன் கழுதை. தாயைப் பற்றிச் சில இடங்களில் ஒரு வரி இருக்கிறது. தகப்பனைப் பற்றி எதுவும் காணோம்.

குதிரைக்கு 64 குரோமோசோம். கழுதைக்கு 62. கோவேறு கழுதைகளான இவற்றுக்கு 63. ஒன்று ஜோடி சேராமல் நிற்கிறது. எங்கோ எப்போதோ அபூர்வமாக ஒரு கோவேறு கழுதை குட்டி போட்டதுண்டு. மற்றபடி இந்தப் பட்டியில் நிற்கும் ஒவ்வொன்றோடும் அதனதன் வம்சம் முடிகிறது.

அது தெரியாமல் புல் மெல்லுகின்றன. தெரிந்தாலும் மெல்லும்.

*

ஒரு கிழவர் ஒன்றின் உதட்டை விலக்கிக் கீழ்ப்பல் வரிசையைப் பார்க்கிறார். விடுகிறார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த பட்டிக்கு நகர்கிறார்.

ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குதிரை இனத்தைத் தொற்றும் ஒரு ரத்தசோகை நோய் உண்டு. அது இல்லை என்ற தாள் கையில் இருக்க வேண்டும்.

சுழியை யாரும் பார்க்கவில்லை. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று நம் ஊர்ச் சந்தைகளில் அதுதான் முதல் பேச்சு. கண் தானாகத் தேடுகிறது. நெற்றி நடுவில், ஒன்று. மனம் சமாதானம் ஆகிறது. எதற்கு என்று அதற்கே தெரியாது.

*

மண் வட்டத்தில் வித்தை நடக்கிறது.

ஓட்டுகிறவன் சேணத்தின் மேல் எழுந்து நிற்கிறான். சாட்டையைச் சொடுக்குகிறான். மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து முகத்துக்கு நேராக உதறுகிறான். இறங்கி, வயிற்றுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வருகிறான். விலங்கு நகரவே இல்லை.

கைதட்டல்.

இடது காது சாட்டையின் பக்கம் இருக்கிறது. வலது காது கதவின் பக்கம்.

சாந்தமா, பழக்கமா, அலுப்பா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மயக்க மருந்து போட்டு நிறுத்தினாலும் இப்படித்தான் நிற்குமாம். பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார், கேட்காமலே.

*

ஏலக்காரரின் குரல் நிற்காமல் ஓடுகிறது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே வெறும் ஒலி. கூட்டத்தில் எங்காவது ஒரு கை உயர்ந்தால் வட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தலும் மழைச் சொட்டும் ஒரே தாளத்தில் விழுகின்றன.

நம் ஊர்ச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற கைகள் ஞாபகம் வருகின்றன. அங்கே விலை இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இங்கே கூரை வரைக்கும் தெரிகிறது.

பத்தாயிரம் டாலர். அதற்கு மேல். அதற்கும் மேல். நன்றாகப் பழகிய சவாரி விலங்குக்கு இதெல்லாம் சாதாரண விலை.

செம்பட்டை நிறத்தில் ஒன்று உள்ளே வருகிறது. பெண். பன்னிரண்டு வயது. வட்டத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. ஓட்டுகிறவர் குதிகாலால் தட்டுகிறார். நிற்கிறது. மறுபடி தட்டுகிறார். ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்க்கிறது. பார்த்து முடித்ததும் தானாக நடக்கிறது.

ஏலக்காரர் விலையைக் குறைக்கிறார்.

ஒரு கை உயர்கிறது. என்னுடையது.

*

பணம் கட்டும் வரிசை. சுவரில் ஒரு பழைய புகைப்படம். ஏர். இரண்டு கோவேறு கழுதைகள். பின்னால் மேழி பிடித்த கறுப்பின மனிதர். படத்துக்குக் கீழே பெயர் இல்லை.

1920களில் இந்த நாட்டின் பண்ணைகளில் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருந்தன. பருத்திக்கு, கரும்புக்கு, புகையிலைக்கு. பிறகு டிராக்டர் வந்தது. 1956 டிசம்பரில் கொலராடோவில் ராணுவமும் தன் கடைசிக் கோவேறு கழுதைப் பிரிவுகளைக் கலைத்தது.

அதற்கும் முன்னால், 1865. விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை நிலம் என்று ஜெனரல் ஷெர்மன் ஆணை போடுகிறார். சிலருக்குப் படையின் கோவேறு கழுதைகளும் கிடைக்கின்றன. அந்த ஆண்டே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் திருப்பித் தரச் சொல்கிறார். நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்ற பேச்சு மட்டும் மிஞ்சுகிறது.

வார இறுதியில் காட்டுப் பாதையில் போக ஒன்று வாங்குகிறேன்.

ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறேன். படத்தைத் திரும்பப் பார்க்கிறேன். வரிசை நகர்கிறது.

*

வீடு. டிரெய்லரின் பின்கதவு திறந்திருக்கிறது. இறங்கவில்லை.

கயிற்றை இழுக்கவில்லை. இழுத்தால் எதிர்ப்பக்கம் சாயும். கயிறு தொய்ந்து தொங்குகிறது. எங்கோ ஒரு மரங்கொத்தி. விட்டு விட்டு.

மூக்கு மட்டும் வெளியே வருகிறது. காற்றை உள்ளே இழுக்கிறது, நீளமாக. முன்கால் ஒன்று பலகையைத் தொட்டு, எடுத்து, மறுபடி தொடுகிறது.

இறங்குகிறது. எப்போது முடிவெடுத்தது என்று தெரியவில்லை.

*

பக்கத்து வயலில் ஒரு கிழட்டு வெள்ளைப் பெட்டைக்குதிரை. வந்த அன்றே இது வேலியோரம் போய் நிற்கிறது. அங்கேயே நிற்கிறது.

மலைகளில் சுமை கொண்டுபோனவர்கள் ஒரு பெட்டைக்குதிரைக்கு மணி கட்டி முன்னால் விடுவார்களாம். இரவில் அதை மட்டும் கட்டிப்போட்டால் போதும். கோவேறு கழுதைகள் மணியோசையை விட்டு விலகாது.

தாயின் இனம் என்பதாலா? இருக்கலாம். அந்த எண்ணம் அப்படியே போகிறது.

சாயங்காலம் குரல் கொடுக்கிறது. குதிரைக் கனைப்பாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, கழுதையாக முடிகிறது. வெள்ளைக் குதிரை தலையை நிமிர்த்துகிறது. பிறகு குனிகிறது.

*

சேணம்.

குதிரையின் தோளில் இருக்கும் மேடு இதற்கு அவ்வளவாக இல்லை. இறக்கத்தில் சேணம் கழுத்தை நோக்கி வழுக்கும். அதற்காகப் பிட்டத்தைச் சுற்றி ஒரு பின்வார். குதிரைச் சேணத்தை அப்படியே தூக்கிப் போட்டால் முதுகு புண்ணாகலாம். சேணத்தின் சட்டமே இதன் முதுகுக்கென்று தனியாக இருந்தால் நல்லது.

வயிற்றுவாரை இறுக்கும்போது மூச்சை உள்ளே பிடித்துக்கொள்கிறது. காத்திருக்கிறேன். விடுகிறது. இன்னொரு துளை.

கன்னத்தை அதன் விலாவில் வைக்கிறேன். சூடு. உள்ளே புல் அரைபடும் சத்தம், எங்கோ தூரத்தில் நடப்பதுபோல.

*

காட்டுப் பாதை. நடை மட்டும்.

குளம்பு குறுகலானது, கடினமானது. கல்லில் பட்டால் வறண்ட சத்தம். மண்ணில் சத்தமே இல்லை. சத்தம் இருந்தும் இல்லாமலும் பாதை போகிறது.

ஓடை வருகிறது. கணுக்கால் ஆழம்கூட இல்லை. நிற்கிறது.

பயந்த குதிரை ஓடும். இது நிற்கும். நின்று பார்க்கும். அதைத்தான் பிடிவாதம் என்கிறார்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்தாகத் தெரியாதது அதற்கு ஆபத்தாகத் தெரியலாம். பல சமயம் அதுதான் சரியாக இருக்கிறது. அரிசோனாவின் சூபாய் கிராமத்துக்கு இன்றும் தபால் கோவேறு கழுதையின் முதுகில்தான் போகிறது. எட்டு மைல் பள்ளத்தாக்குப் பாதை. அங்கே ஓடுகிற விலங்கை யாரும் கேட்பதில்லை.

இரண்டு காதுகளும் தண்ணீரின் பக்கம்.

குதிகால் தட்டத் துடிக்கிறது. தட்டவில்லை. துடிப்பு மட்டும் காலில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போகிறது.

வெயில் தோளில். கொசு ஒன்று.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. எது யாருடையது என்று சில கணம் பிரித்தறிய முடியவில்லை.

அவசரம் எதற்கு இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். காரணம் எதுவும் அகப்படவில்லை.

ஒரு காது பின்னால் திரும்புகிறது, என் பக்கம். இருப்பதைப் பார்த்துக்கொள்கிறது. மறுபடி முன்னால்.

தண்ணீருக்குள் கால் வைக்கிறது.

*

சில நாள் ஓடையைத் தாண்டுகிறோம். சில நாள் அங்கிருந்தே திரும்புகிறோம்.

*

ரசீது மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்.

நன்றாகக் கவனித்தால் கோவேறு கழுதை முப்பது வயதைத் தாண்டி வாழும். இதற்குப் பன்னிரண்டு. எனக்கு ஐம்பத்தெட்டு. யாரிடம் போக வேண்டும் என்று உயிலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.