துருவின் அடியில் யாருடைய பெயர்?

பழைய கருவி ஒன்றைப் புதுப்பிப்பது வெறும் கைவேலை என்றே பலரும் எண்ணுவர். ஆயின் துருவைச் சுரண்டத் தொடங்கியவுடன் ஓர் அறக்கேள்வி எழுகின்றது: எதை நாம் மீட்கின்றோம்?

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ரொக்போர்ட் நகரில், 1870களில் தொடங்கி, டபிள்யூ. எஃப். அன்ட் ஜோன் பாண்ஸ் என்ற நிறுவனம் காலால் இயக்கும் மரவேலைப் பொறிகளைச் செய்து விற்றது. பலகையில் வளைவுகளையும் பூவேலையையும் அறுக்கும் வாட்பொறி அவற்றுள் ஒன்று. அதன் ஒரு வகையில் தச்சன் ஆசனத்தில் அமர்ந்து, சைக்கிள் மிதிப்பவனைப் போல இரு கால்களாலும் மிதிப்பான். மெல்லிய வாளலகு மேலும் கீழும் ஓடும். அவன் கைகள் பலகையைத் திருப்பும். அக்கால அமெரிக்க வீடுகளின் விறாந்தைகளை அலங்கரித்த மரச் சித்திரங்கள் பல இத்தகைய வாள்களிலே பிறந்தவை.

நீராவி விசை இல்லாத சிறு பட்டறைக்காரனும் இப்பொறிகளைக் கொண்டு குறைந்த விலை கூறி வேலை பெறலாம் என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. அது பொய்யன்று. ஆனால் நீராவி ஆலையில் நிலக்கரி எரிந்தது. இங்கே எரிந்தது யாது? மனிதனின் தசையன்றோ! கணக்கில் எழுதப்படாத அந்த உழைப்பும் அவனுடைய குறைந்த விலைக்குள் அடங்கியிருந்தது.

இன்று இத்தகைய பொறியொன்று கிடைத்தால், அதனை இனங்காண முனைவோர் முதலில் வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் எழுத்தையே தேடுகின்றனர். நிறுவனத்தின் பெயர் இருக்கும். காப்புரிமை பெற்ற தேதியும் இருக்கலாம். அத்தேதியைப் பொறி பிறந்த தேதியாகக் கொள்வது பிழை. காப்புரிமை பெற்றபின் பல ஆண்டுகள் அதே அச்சில் பொறிகள் வார்க்கப்படுவதுண்டு. முதலாளியின் பெயர் இவ்வாறு இரும்பில் நிலைத்துவிட்டது. மிதித்தவனின் பெயரோ எங்கும் இல்லை. அவன் விட்டுச் சென்ற கையொப்பம் ஒன்றே: மிதியிலே கால் பட்ட தேய்வு, மேசையிலே கை பட்ட மினுக்கம்.

அந்தத் தேய்வையும் அராவி, வண்ணம் பூசி, கடையிலிருந்து வந்த நாளைப் போல் ஆக்குவதே புதுப்பித்தல் என்போர் உளர். அவ்வாறு செய்தால் மீள்வது விற்பனைப் பண்டமே. உழைப்பின் வரலாறு அழிகின்றது. அப்படியானால் துருவையும் போற்றுவதா என்று கேட்கலாம். இல்லை. துரு புறக்கணிப்பின் அடையாளம். தேய்வு உழைப்பின் அடையாளம். முன்னதை மண்ணெண்ணெய் இட்டு அகற்றுவோம். வேலையைத் தடுக்கும் உறுப்பையும் ஆபத்து விளைக்கும் உறுப்பையும் மாற்றுவோம். அடுத்து வருபவன் ஏமாறாதிருக்க, மாற்றியது எதுவென எழுதி வைப்போம். எஞ்சியதைத் தொடாது விடுவோம்.

பின்னர், புதிய அலகைப் பற்கள் கீழ்நோக்கும்படி மாட்டி, விறைப்பாக இழுத்து, ஒரு பலகையை அறுத்துப் பார்க்கவேண்டும். அரை மணி நேரம் மிதித்தவனுக்குக் கால் வலிக்கும். அந்த வலியை அறிந்தவன், மலிவான ஒரு பொருளைக் கையிலெடுக்கும்போது, அதன் விலையில் எவருடைய உழைப்பு விடுபட்டுள்ளது என்று கேட்பான். அக்கேள்வி எழுமாயின், பொறி உண்மையிலே மீண்டது எனலாம்.