எவடம்?

உயிருக்கு அஞ்சியோ, பிழைப்பைத் தேடியோ அந்நிய நாடொன்றிற் போய் இறங்குகிற மனிதனை அங்கே முதலில் வரவேற்பவர் யார்? குடிவரவு அதிகாரி வரவேற்பதில்லை, அவர் விசாரிக்கிறார். அயல் வீட்டாரும் வரவேற்பதில்லை. பனிக்காலத்திலே கதவுகளெல்லாம் அடைத்தே கிடக்கின்றன. ரொறன்ரோ நகரின் கிழக்கே, ஸ்காபறோவில், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வந்து மூன்றே நாளான இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் கையிலுள்ள தொலைபேசியே அவனுக்குத் திண்ணை, அதுவே சந்தி, அதுவே வாசிகசாலை. பனிக்குப் போடும் சப்பாத்து மலிவாக எங்கே கிடைக்கும், சுகாதார அட்டைக்கு எந்தப் பத்திரங்களைக் கொண்டு போகவேண்டும், பஸ்ஸிலே காசு எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் இணையத்திலே தமிழர் கூடும் குழுவொன்றில் அவன் நள்ளிரவில் எழுதுகிறான். விடியுமுன் பத்துப் பேர் பதில் எழுதிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்தவர் ஒருவர். குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டே எழுதும் தாயொருத்தி. தம்மிடம் சும்மா கிடக்கும் குளிரங்கியை வந்து எடுத்துப் போகும்படி சொல்லும் முதியவர் ஒருவர்.

முகம் பாராத உறவும் ஓர் உறவாகுமா என்று சலித்துக்கொள்ளும் பெரியோர் நம்மிடையே உளர். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவரல்லர். களைத்த உடம்போடு, முன்பின் அறியாத ஒருவனுக்காக அரைமணி நேரத்தைச் செலவிடுகிறவரின் உழைப்பு நிழலன்று, மெய்யான உழைப்பு. அதற்குக் கூலியில்லை. (அக்குழு கூடுகிற இடம் ஒரு கொம்பனிக்குச் சொந்தமானது என்பதும், அவனுடைய ஏக்கமும் அவர்களுடைய ஆறுதலும் அங்கே விளம்பரக்காரருக்கு விலைபோகின்றன என்பதும் வேறு கதை. சுரண்டலின் கூரைக்குக் கீழேயும் தோழமை முளைக்கும் என்பதைத் தோட்டத்து லயன்கள் நமக்கு எப்போதோ காட்டிவிட்டன.)

ஆனால் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு கேள்வி வந்து சேருகிறது. "தம்பி ஊரிலை எவடம்?"

மேலுக்கு இது அன்பான கேள்வி. கேட்பவர்களுட் பலர் அன்போடுதான் கேட்கின்றனர்; தெரிந்தவர் யாராவது அகப்படமாட்டாரா என்ற ஆவல்தான் அவர்களுக்கு. எனினும் யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர் எவருக்கும் இக்கேள்வியின் ஆழம் தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சி எது என்பர். குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்பர். ஒழுங்கை வந்ததும் விசாரணை முடிந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயாற் சொல்லியிருக்கமாட்டார். விடை திருப்தியாயின் வாடகைக்கு அறை கிடைக்கும்; வேலைக்குச் சிபாரிசு கிடைக்கும்; காலக்கிரமத்தில் கலியாணப் பேச்சும் வரும். திருப்தியில்லையாயின் ஏச்சுப் பேச்சு ஒன்றும் இராது. அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்று மரியாதையாக ஒரு பதில் வரும். குடிவரவு அதிகாரியாவது தமது கேள்வியை விசாரணை என்று ஒப்புக்கொள்கிறார்.

அந்நிய மண்ணில் அறிந்தவரை நாடுவது மனித இயல்பல்லவா என்று கேட்கலாம். இயல்புதான். ஊர்ச் சங்கங்கள் யுத்த காலத்திலே அடுப்பெரியாத வீடுகளுக்குப் பணம் அனுப்பின. பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் எழுப்பின. இவற்றை மறுப்பது நன்றிகெட்ட செயல். நமது வினா வேறு. தன்னவனைத் தழுவிக்கொள்வதற்கு வரவேற்பு என்ற பெயர் பொருந்துமா? அது பழைய உறவின் தொடர்ச்சி மாத்திரமே. நம்மிடம் எந்த உரிமையும் இல்லாத ஒருவன் வாசலில் வந்து நிற்கும்போதல்லவா அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகிறது?

1986 ஆகஸ்ட் மாதத்திலே, நியூபவுண்லாந்துத் தீவுக்கு அப்பால், அத்திலாந்திக் கடலின் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். மேற்கு ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர்களைக் கண்டவர்கள் அத்தீவின் மீனவர். வந்தவர் யார், எந்த நாட்டார் என்று அம்மீனவருக்குத் தெரியாது. தொழிலைப் போட்டுவிட்டு அவர்களைத் தம் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டார்கள். 24 ஆண்டுகளின் பின், 2010 ஆகஸ்டில், அதே நாட்டின் மேற்குக் கரைக்கு ஒரே கப்பலில் வந்த 492 தமிழரை அரசாங்கம் தடுப்புக் காவலில் அடைத்தது; அவர்களுட் பலர் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தனர். ஆகவே கனடாவுக்கு நற்சான்றிதழ் வழங்குவது நமது நோக்கமன்று. நாம் பேசுவது அந்த மீனவரைப் பற்றி.

படகில் வந்த அந்த 155 பேருக்கும் நமது நாட்டு வழக்கில் ஒரு பெயர் உண்டு: கள்ளத்தோணி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளரை நோக்கி எறியப்பட்ட சொல் அது. எறிந்தவர்கள் சிங்களவர் மாத்திரமல்லர். 1977இன் இனவன்செயலுக்குத் தப்பி வவுனியாவையும் கிளிநொச்சியையும் நாடி வந்த தோட்டக் குடும்பங்களைக் காடு வெட்டவும் கூலிக்கு நாற்று நடவும் ஏற்றுக்கொண்டோம். தமிழ் பேசி வந்த அவர்களிடமும் நம்மிற் பலர் "எவடம்?" என்றுதான் கேட்டோம். விடை வந்ததும் "தோட்டக்காட்டான்" என்று பெயர் வைத்தோம்.

வேறு விதமாகவும் கூடி வாழலாம் என்பதற்கு இணையத்திலேயே சாட்சி உண்டு. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலே, பல நாடுகளிற் சிதறிக் கிடந்த தமிழர், பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பிழைதிருத்தி எவரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்றிவைத்தனர். 2005இல் தொடங்கிய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் அவ்வாறே சேர்த்துவருகிறது. நமது ஆசிரியரும் மாணவரும் அன்றாடம் அதன் பயனை அனுபவிக்கின்றனர். அங்கெல்லாம் சாதி எட்டிப் பார்த்ததேயில்லை என்று சத்தியம் செய்ய நாம் துணியமாட்டோம். ஆனால் திருத்தி முடித்த பக்கத்திலே திருத்தியவரின் குறிச்சி தெரிவதில்லை. ஊர் தந்த உறவுக்குப் பதிலாக வேலை தந்த உறவு அது.

ஸ்காபறோ இளைஞனுக்கு இப்போது ஐந்து பனிக்காலம் கழிந்துவிட்டது. நிலக்கீழ் அறையிலிருந்து மேல்தளத்துக்கு வந்துவிட்டான். கீழ் அறையை வாடகைக்கு விடவும் உத்தேசித்திருக்கிறான். நள்ளிரவிலே குழுவில் புதியவர் ஒருவர் எழுதுகிறார்: வந்து மூன்று நாளாகிறது, தங்க ஓர் இடம் வேண்டும். பெயரைக்கொண்டு ஒன்றும் அறியமுடியவில்லை. எழுத்தில் மலையகத்துப் பேச்சின் சாயல் தெரிவதுபோலவும் இருக்கிறது, தெரியாததுபோலவும் இருக்கிறது. அவன் பதில் எழுதத் தொடங்குகிறான். 'எ' என்ற எழுத்து விழுந்துவிட்டது. 'எப்போது வருகிறீர்கள்?' என்றும் அதனைத் தொடரலாம்.