இறுக்கிப் பிடித்த வட்டம்

அருள்புரத்தில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், பனியன் துணி பின்னும் மெஷின்களின் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அந்த மெஷினின் நடுவில் இருப்பது ஒரு வளையம். 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் என்றால் அதைச் சுற்றி ஏறக்குறைய 2,260 ஊசிகள் நிற்கும். வளையம் கோணினால் கண்ணிகள் ஒரே சீராக விழாது. ஊர்க்காரனான எனக்கு வட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

என் பிழைப்பும் வளையங்களோடுதான், ஆனால் கம்ப்யூட்டருக்குள். லேத்தில் ஒரு ஜாபைக் கடையும்போது, அதைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் அதை என்ன பாடு படுத்துகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. ஜாபைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாவித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கிற முறை. ரே கிளஃப் 1960இல் அதற்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பேர் வைத்தார்.

மெல்லிய வளையத்தை மூன்று தாடை சக்கில் இறுக்கினால், தாடை படும் மூன்று இடத்திலும் அது உள்ளே அமுங்கும். அந்த நிலையில் உள்பக்கத்தைக் கடைந்தால் அச்சு அசல் வட்டம் வரும். சக்கைத் தளர்த்தியதும் அமுங்கிய இடங்கள் வெளியே மீளும். வட்டம் லேசாக முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். இதில் ஒரு குறும்பு உண்டு. இரண்டு முனை போர் கேஜை எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் விட்டம் ஒன்றாகவே காட்டும். ஓரிடம் புடைத்திருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு ஒடுங்கியிருக்கும் என்பதால் வரும் வினை. மையத்தில் சுற்றவிட்டு டயல் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பரீட்சையில் பாஸாகிற பொய்.

மெதுவாகப் பிடித்தால் போச்சு என்பீர்கள். மெதுவாகப் பிடித்தால் வெட்டும் விசையில் ஜாப் வழுக்கும். சுற்றுகிற வேகத்தில் தெறித்தால் முன்னால் நிற்கிற ஆளுக்கு உயிரே போகலாம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது உராய்வு எண். அமோன்டன் 1699இலும் கூலம் 1785இலும் எழுதிவைத்த விதிதான் இன்றும் எங்கள் சாஃப்ட்வேரில் ஓடுகிறது. ஆனால் அந்த எண்ணை விதி தராது. தாடையின் பல் தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அளந்துதான் போட வேண்டும். நாங்கள் பெரும்பாலும் அளப்பதில்லை. கட்டத்தில் ஒரு எண்ணைத் தட்டிவிடுகிறோம்.

சமீபத்தில் ஒரு ஜாப். உராய்வு 0.15 என்று போட்டேன். கோணல் 12 மைக்ரான் வந்தது. கஸ்டமர் கேட்டது 10க்குள். 0.2 போட்டேன். தேவையான இறுக்கம் கால்வாசி குறைந்தது, கோணல் 9 ஆனது. ரிப்போர்ட் பச்சை. இரண்டு எண்ணுமே நடைமுறையில் எல்லோரும் போடுகிறவைதான். நான் பொய் சொன்னதாக யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் 0.2-ஐ நான் தேர்ந்ததற்குக் காரணம் தாடையோ எண்ணெயோ இல்லை, விடை. அந்த 3 மைக்ரானை நான் குறைக்கவில்லை. ஆபரேட்டரின் பாதுகாப்பிலிருந்து எடுத்து வளையத்துக்குக் கொடுத்தேன்.

அதான் பாதுகாப்புக் காரணி 2 வைத்திருக்கிறோமே என்று மனசு வாதாடியது. அது எனக்குத் தெரியாமல் நடக்கும் தவறுகளுக்காக ஒதுக்கி வைத்த மிச்சம். தெரிந்தே செய்யும் ஒன்றுக்கு அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க எனக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியைக் கல்லூரியில் நாலு வருஷமும் யாரும் கேட்கவில்லை. சூத்திரம் மட்டும் கேட்டார்கள்.

ஊருக்கு வந்தபோது, எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் மெல்லிய வளையத்தை எப்படிப் பிடிப்பீங்க என்று பொதுவாகக் கேட்டேன்.

“ரஃப் கட்டுக்கு நல்லா இறுக்கோணும் தம்பி. அப்புறம் ஒருக்கா லூஸ் பண்ணி, லேசாப் புடிச்சு, ஃபினிஷ் கட்டு துளியூண்டு போடோணும்.”

“அப்பவும் மைக்ரான் நிக்கலீன்னாங்ண்ணா?”

“சாஃப்ட் ஜா போடு. வளையத்தைச் சுத்திப் புடிக்கிற மாதிரி கடைஞ்சுக்கோ. செலவாகும்னு சொல்லிப்போடு.”

இரண்டு இறுக்கத்தையும் மாடலில் கொண்டுவர அரைநாள் போதும். தெரியாமல் விட்டதில்லை, ரிப்போர்ட் அன்றைக்கே போக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை 0.15 விடையையும் சேர்த்து, எண்ணை அளக்காமல் போட்டேன் என்பதையும் எழுதித் திரும்ப அனுப்பினேன். ஃபிக்ஸ்சர் ஏற்கெனவே மெஷினில் ஏறிவிட்டது என்று பதில் வந்தது. அந்த மெஷினில் நிற்பவர் யார், என் மெயில் அவர் வரைக்கும் போனதா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.