காணாததற்கு உறுதி கூறல்

தாம் காணாத ஒன்றைக் குறித்து ஒருவர் உறுதி கூறலாமா? அறவியலாரின் பழைய வினாக்களுள் ஒன்றான இது இன்று கணனியியலாரின் முன்னும் எழுந்து நிற்கின்றது. மோட்டார் வாகனம் மோதுகையில் பாதுகாப்புக் காற்றுப்பை விரிவதற்குரிய அவகாசம் சில பத்து மில்லிசெக்கன்களே. அதனை இயக்கும் செய்நிரல் சரியான விடையைத் தந்தாற் போதாது. உரிய நேரத்துள் தருதல் வேண்டும். ஈண்டுப் பிந்திய விடை பிழையான விடையே. எனவே, செய்நிரல் எடுக்கக்கூடிய உச்ச நேரம் யாதென முன்கூட்டியே கூற அதனை ஆக்கியோன் கடமைப்பட்டுள்ளான்.

இயக்கி அளந்து பார்த்தல் எளிய வழி. ஆயின், அடுத்தடுத்து முப்பது இடங்களில் இரு கிளைகளாகப் பிரியும் சிறு செய்நிரலிலேயே நூற்றேழு கோடிக்கு மேற்பட்ட பாதைகள் உள. அவற்றுட் சில ஆயிரத்தை அளந்தவர் அறிவது கண்டவற்றுட் பெரியதை மட்டுமே. அதனையே உள்ளவற்றுட் பெரியதெனக் கொள்ளல் தருக்கத்துக்கு ஒவ்வாது. எச்செய்நிரலை எடுத்துக்கொண்டாலும் அது முடிவுறுமா எனத் தீர்மானிக்கவல்ல பொதுமுறை இல்லை என்பதை அலன் ரியூறிங் 1936 இல் நிறுவினார். ஆதலின், உறுதி வேண்டுவோர் செய்நிரலின் சுதந்திரத்தைக் குறைத்து, ஒவ்வொரு வளையமும் எத்தனை தடவை சுழலலாம் என எல்லை வகுக்கின்றனர்.

1995 இல் லீ, மாலிக் ஆகிய ஆய்வாளர் பாதைகளைத் தனித்தனியே எண்ணாத வழியொன்றை முன்வைத்தனர். செய்நிரலின் ஒவ்வொரு துண்டும் இயங்கும் தடவைகளை அவர்கள் மாறிகளாகக் கொண்டனர். ஒரு துண்டினுட் புகுந்த தடவைகளும் வெளியேறிய தடவைகளும் சமன். வளையம் தன் எல்லையை மீறாது. இக்கட்டுப்பாடுகளைச் சமன்பாடுகளாகவும் சமனிலிகளாகவும் எழுதினால், மொத்த நேரத்தின் உச்சப் பெறுமானத்தைத் தீர்வு காணும் செய்நிரலொன்று கண்டறியும். அவ்விடை உண்மை உச்சத்தினும் பெரிதாகலாம். எடுகோள்கள் மெய்யாயின் சிறிதாகாது.

மிகைக்கூற்றும் பொய்யன்றோ? வேண்டாத வேகமுடைய பொறியை வாங்கச் செய்தல் வீண்செலவன்றோ? இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. எனினும், 'இந்நேரத்தை விஞ்சாது' என்னும் கூற்று, உண்மை நேரம் குறைவாயினும் மெய்யே. அன்றியும், இருவகைத் தவறுகளும் அறத்தின் தராசிற் சமநிறை உடையனவல்ல. மிகையின் சுமை பணத்தால் ஈடுசெய்யத்தக்கது. குறையின் சுமையோ ஒன்றும் அறியாது ஆசனத்தில் அமர்ந்திருக்கும் பயணிமீது விழுகின்றது. பிறர் உயிரை அவர் இசைவின்றிப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

ஆயினும், தீர்வு காணும் செய்நிரல் தனக்குத் தரப்பட்டதிலிருந்தே முடிவு காண்கின்றது. வளையத்தின் எல்லையை மனிதன் தவறாக உரைத்தால், அத்தவற்றிலிருந்தும் அது பிசகின்றிக் கணித்துவிடும். பதுக்கு நினைவகத்தில் தரவு கிடைத்தல் வேகத்தைக் கூட்டும் என்பது பொது எண்ணம். சில பொறிகளில் அதுவே மொத்த நேரத்தை நீட்டக்கூடும் எனச் சுவீடனைச் சேர்ந்த லுண்ட்குவிஸ்ற், ஸ்ரென்ஸ்ரொம் ஆகியோர் 1999 இற் காட்டினர். ஆதலால், பகுதிகளின் தீமைகளைக் கூட்டினால் முழுமையின் தீமை கிடைக்கும் என்பதும் ஓர் எடுகோளே.

ஆகவே, காணாததற்கு உறுதி கூறலாம். எவ்வெடுகோள்களின்மீது கூறப்படுகின்றது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். கணக்கைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.