திமிரா, திறனின்மையா?

மட்டாஞ்சேரிச் சந்தொன்றில் ஒரு சிறுமி சரளமாகப் பேசுகிறாள், கணக்கில் தடுமாறுகிறாள், சினந்த பெரியவர் முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கொள்வோம். ‘திமிர்’ என்றே தெரு தீர்ப்பளிக்கும்.

டர்னர் நோய்க்குறி ஏறக்குறைய 2,500 பெண்மகவுகளில் ஒன்றுக்கு நேர்வது. 1938-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் அதனை விவரித்தார். 1959-இல் காரணம் துலங்கிற்று: இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லை. வளர்த்தி குன்றும், சொல்லறிவு பெரும்பாலும் குன்றாது. கணக்கும், வழி காண்பதும், பிறர் முகக்குறிப்பை உணர்வதுமே பலருக்கு அரிது. அன்பர்களே, நன்றாகப் பேசுவதே இவர்களுக்குப் பகையாகிறது! இத்தனை பேசுபவளுக்கு இதுவா தெரியாதென்று உலகம் ஐயுறுகிறது.

எண்ணத்தையே வினையென்றார் புத்த பகவான். புண்படுத்தும் எண்ணமில்லாச் சிரிப்பில் குற்றமேது? முற்பிறவிப் பாவமென்போர் நம்மவரிலும் உளர். பெற்றவளை அழவைப்பதன்றி அவர்கள் கண்டதென்ன? உயிரணுப் பிரிவில் தற்செயலாய் நேர்வது அது. முகத்தைச் சுளிக்காதீர், ‘எனக்கு வருத்தம்’ என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல் அவளுக்கு எட்டும்.