பெயர் தெரியாத முன்னோர்

“எந்த ஊர், யாருடைய பிள்ளை?” புதிதாக ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது இதைத்தான். அன்பாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்குள் பழைய மெய்யியல் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிறப்பு ஒரு மனிதனை எவ்வளவு தூரம் ஆக்குகிறது? முன்னோர் யாரென்று தேடிக் கண்டவனுக்கு அந்த அறிவால் என்ன வந்து சேர்கிறது? இதை எடைபோட இலங்கையின் புத்தளம் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை, இங்குள்ள குடிகளின் கதைகளில் பெரும்பாலானவை ஒரு தோணியில்தான் தொடங்குகின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் என் மனம் ஒரு முடிவுக்கு வருகிறது: வம்சத்தைத் தேடுவது நாம் பட்ட கடனை அறிந்துகொள்ள உதவும், பிறர்மீது உரிமை நாட்ட உதவாது.

முதலில் கரை சொல்லும் சான்றுகளைப் பார்ப்போம். ‘முக்கர ஹட்டன’ என்ற சிங்கள ஏட்டுச் சுவடி, கோட்டை இராச்சியத்து அரசன் பராக்கிரமபாகுவின் காலத்தில் புத்தளத்தில் முக்குவரை எதிர்த்துப் போரிடக் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து வீரர்கள் வந்ததாகச் சொல்கிறது. அந்தப் போரில் தோற்ற முக்குவரும் கடல் கடந்து வந்தவர்களே. அவர்களின் பூர்வீகத்தைக் கேரளக் கரையோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். பிற்காலத்தில் அவர்களில் சிலர் முஸ்லிம்களாகவும் சிலர் கத்தோலிக்கராகவும் ஆனார்கள். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கும் உடப்பு மக்கள், தங்கள் முன்னோர் இராமேசுவரக் கரையிலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். இக்கரையின் குடிகளைப் பற்றி முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவரான சைமன் காசிச்செட்டி 1807-ல் கற்பிட்டியில் பிறந்தவர். பரதவரின் தோற்றத்தை ஆராய்ந்த அவருடைய செட்டி மரபும் தென்னிந்தியாவிலிருந்து வந்ததுதான். நாட்டின் தொடக்கக் கதையைச் சொல்லும் மகாவம்சத்தில்கூட விஜயன் கப்பலில் வந்து இறங்குகிறான். அவனுக்குப் பட்டத்தரசி மதுரையிலிருந்து வருகிறாள். அப்படியானால் ‘வந்தான் வரத்தான்’ என்று யாரை யார் சொல்வது? முன்னால் வந்தவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் நடுவே இருப்பது காலக்கணக்கு மட்டுமே.

இரண்டாவது சான்று எளிய கணக்கு. பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், அதற்கு மேல் எட்டுப் பேர் என்று ஏறிக்கொண்டே போனால் பத்தாம் படியில் 1,024 இடங்கள் வரும். தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால் அது 300 ஆண்டு. அதாவது கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார். அப்போதும் எஞ்சுவோர் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியில் ஏறிப் போய் நாம் பெருமையோடு சொல்லும் பெயர் அந்த 1,024 இடங்களில் ஒன்றே ஒன்று. மற்றவர்களும் நம்மைப் பெற்றவர்கள்தானே? இப்படி ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்ட வாதம் ஒன்று இங்கே நடந்திருக்கிறது. 1888-ல் பொன்னம்பலம் இராமநாதன் மொழியையும் வழக்கங்களையும் காட்டி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அரபு முன்னோரை முன்வைத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-ல் மறுப்பு எழுதினார். அந்த வாதத்தின் பின்னால் சட்டசபைப் பிரதிநிதித்துவம் என்ற கேள்வி நின்றது. வம்சம் உரிமைப் பத்திரமாக்கப்படும்போது ஆயிரம் இழைகளில் ஒன்றை மட்டும் உருவி எடுத்து, அதையே முழுத் துணி என்று சொல்ல வேண்டியதாகிறது. சிலாபக் கரையில் தமிழ் பேசிய பாட்டியின் பேரன் இன்று சிங்களவராகப் பதியப்படுகிறார். இரத்தம் மாறவில்லை; பள்ளிக்கூடத்தின் மொழிதான் மாறியது.

மூன்றாவது, ஏடுகளின் பாரபட்சம். ஒல்லாந்தக் கம்பனிப் படையில் ஜெர்மானியர் ஏராளம். டி மியூரோன் என்ற சுவிஸ் படைப்பிரிவும் இலங்கையில் இருந்தது. அப்படி வந்த ஐரோப்பியரின் வழியினர் தோம்புகள் எனப்படும் காணிப் பதிவேடுகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் புரட்டித் தங்கள் வேரைக் காண முடிகிறது. 1908-ல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகள் வரிசையாக வந்தன. ஐரோப்பிய வல்லரசுகளின் கப்பல்களில் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததி இன்று புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழ்கிறது. அவர்களுக்கு வம்ச ஏடு எதுவும் இல்லை. கையில் இருப்பது ‘மஞ்சா’ பாட்டு. ரபானும் சிரட்டையும் போத்தலில் தட்டும் கரண்டியும் தாளம் போட, போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அதைப் பாடுகிறார்கள். அந்த மொழி வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. சொற்களின் பொருள் பலருக்கு முழுதாகத் தெரியாது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. முன்னோரின் பெயரும் ஊரும் தெரியாத நிலையிலும் அவர்களை மறக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மதங்களே வம்சத்தைப் போற்றுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். இந்துவுக்குக் கோத்திரம் உண்டு, சூஃபி வழிகளில் சில்சிலா என்ற குருவழித் தொடர் உண்டு, மத்தேயு நற்செய்தி தலைமுறை அட்டவணையோடுதான் தொடங்குகிறது. உண்மைதான். ஆனால் செருக்குக்கான மருந்தையும் அந்த மரபுகளே வைத்திருக்கின்றன. மத்தேயுவின் அட்டவணையில் எரிகோவின் ராகாபும் மோவாபியப் பெண்ணான ரூத்தும் இடம் பெறுகிறார்கள்; மீட்பரின் வம்சத்திலேயே அந்நியர் இரத்தம் ஓடுகிறது. இனங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே ஆக்கப்பட்டன என்றும், இறையச்சமே சிறப்பைத் தீர்மானிக்கும் என்றும் குர்ஆன் கற்பிக்கிறது. பிறப்பால் எவனும் இழிந்தவனாவதில்லை, செயலாலேயே ஆகிறான் என்பது புத்தரின் போதனை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் மிகப் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். வம்சத்தால் உரிமை இல்லை என்றால், “எங்கள் மூத்தவாப்பாவின் மண்” என்று அவர்கள் கேட்பதும் செல்லாதா? செல்லும். அவர்களுடைய உரிமை யார் முதலில் வந்தார் என்ற கணக்கில் நிற்கவில்லை. உழைத்துக் கட்டிய வீடு பறிக்கப்பட்ட அநியாயத்தில் நிற்கிறது. நூறு தலைமுறை இருந்தவனிடமிருந்து பறித்தாலும், ஒரு தலைமுறை இருந்தவனிடமிருந்து பறித்தாலும் அது அநியாயமே. அதே நியாயப்படி, புத்தளத்தில் பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளை ‘அகதி’ என்று அழைப்பதும் தவறு. பாட்டன் பிறந்த ஊரைக் காட்டி, பேரன் பிறந்த ஊரை அவனுக்கு இல்லையென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

தர்ப்பண விதியில் ஓர் அரிய இடம் வருகிறது. தந்தை, பாட்டன், பூட்டன் என்று பெயரும் கோத்திரமும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த பிறகு, தாயோ தந்தையோ உறவோ நட்போ இல்லாதவர்களுக்காகக் கடைசியாக ஒரு கை நீர் விடுகிறார்கள். பெயர் தெரிந்த முன்னோரோடு கடமை முடியவில்லை என்பதை அந்த ஒரு கை நீர் சொல்கிறது. குடும்ப மரம் எழுத உட்காருகிறவர்கள் தாய்வழிப் பெண்களின் பெயர்களையும் எழுதுங்கள். பெயர் கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விட்டு வையுங்கள், புனைந்து நிரப்பாதீர்கள். அந்த வெற்றிடத்தில் இருப்பவர்களும் நம்மைப் பெற்றவர்களே.