வேலை செய்த ஆள்

பேத்திக்குப் பன்னிரண்டு வயது முடிந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டோம். லா றோந்த் போகவேண்டும் என்றாள். மொன்றியலில் வளர்கிற எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடிய விஷயம்தான். ஆனால் என் மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. "அந்தச் சுத்துற வண்டில்கள் ஒண்டிலையும் ஏறக்கூடாது. அங்கை ஒராள் செத்ததெல்லே" என்றாள். பேத்தி கைத்தொலைபேசியைத் தட்டி இரண்டு நிமிடத்தில் விபரத்தை எடுத்துவிட்டாள். "அது ஏறிப்போன ஆளில்லை அம்மம்மா. அங்கை வேலை செய்த ஆள்."

மனைவியின் முகம் இளகியது. "அப்ப சரி" என்றாள்.

அந்த 'அப்ப சரி' என்னோடு வந்து படுத்து என்னோடு எழும்பியது. மனைவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அந்த நேரம் மனதுக்குள் அதையேதான் சொன்னேன்.

லா றோந்த் 1967 இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கண்காட்சியில் எங்கள் நாட்டுக்கும் ஒரு மண்டபம் இருந்தது, சிலோன் என்ற பெயரில். மண்டபங்கள் போய்விட்டன, ராட்டினங்கள் நின்றுவிட்டன. 2001 இல் சிக்ஸ் பிளாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதைப் பொறுப்பெடுத்தது. ஜாக் கார்த்தியே பாலத்தில் போகும் எவருக்கும் கீழே அந்த மரக் கோபுரங்கள் தெரியும். அதுதான் 'மொன்ஸ்ற்றர்', 1985 இல் திறந்த மரத்தாலான உருளோடி, நாற்பது மீற்றர் உயரம். நான் இந்த ஊருக்கு வந்த முதற் கோடையில் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், இந்தச் சனம் காசு கொடுத்து ஏன் கத்துகிறது என்று யோசித்திருக்கிறேன். ஊரில் காசில்லாமலே கத்திவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

மனைவி சொன்ன சாவு நடந்தது 2012 யூலை 6 ஆம் திகதி. 'வம்பீர்' என்ற இன்னொரு உருளோடி, 2002 இல் வந்தது. அதில் வண்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், இருப்பவர்களின் கால்கள் அந்தரத்தில் ஆடும். அதன் அடியில், பொதுமக்கள் போகக்கூடாத பகுதியில், ஓடிவந்த வண்டி தலையில் அடித்து ஒரு பணியாளர் இறந்தார். நீண்டகாலம் அங்கே வேலை செய்தவர். வயது 67.

எனக்கு இப்போது அதற்கு ஒரு வயது குறைவு.

சில நாட்களுக்குப் பிறகு இந்தப் பேச்சை மாஸ்ரரிடம் எடுத்தேன். ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே இருபது வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினவர். அவருக்கு எதையும் கணக்காக்கினால்தான் திருப்தி. "தம்பி, அந்தத் தொழில்காரரின்ரை சங்கம் அமெரிக்கப் பூங்காக்களுக்குச் சொல்லுற கணக்கு, ஒரு கோடியே 55 இலட்சம் சவாரிக்கு ஒருக்காத்தான் கடுமையான காயம். அது அவங்கடை கணக்கு, பத்து மடங்கு கூட்டிப்பார், அப்பவும் ஒண்டுமில்லை. நீ பேத்தியைக் காரிலை ஏத்திக்கொண்டு அங்கை போறாய் பார், அதுதான் ஆபத்து" என்றார்.

அவர் சொன்னது சரி. இயந்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் இன்னும் சரியாகத்தான் தெரிகிறது. வண்டி சங்கிலியில் ஏற்றம் ஏறும்போது கடகடவென்று கேட்கிற சத்தம் பழுதின் சத்தமல்ல. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னுக்குச் சரியாமல் பிடிக்கிற இரும்புப் பற்களின் சத்தம். சில்லுகள் தண்டவாளத்தின் மேலே மட்டுமில்லை, பக்கத்திலும் அடியிலும் இருக்கின்றன, வண்டி மேலே கிளம்பாமல். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒரு துண்டுக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். பிரேக்குகள் பலவற்றைத் திறப்பதற்குத்தான் காற்றழுத்தம் வேண்டும். காற்றுப் போனால் அவை தாமாகவே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு காலையும் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கதவு திறக்கிறார்கள். பயத்தை வாடகைக்கு விடுகிற கடை அது. பயம் முழுவதும் உங்களுக்கு, ஆபத்து முழுவதும் எங்கள் பொறுப்பு என்று ஒரு சொல்லாத ஒப்பந்தம்.

மாஸ்ரரின் கணக்கில் நான் காணும் குறை இந்த ஒப்பந்தம் அதற்குள் வராததுதான். நெடுஞ்சாலையில் போகிறவன் தன் கையில் சுக்கானைப் பிடித்திருக்கிறான், அல்லது பிடித்திருப்பதாக நினைக்கிறான். உருளோடியில் ஏறுகிறவன் தன் உடம்பை முழுதாகக் கொண்டுபோய், முகம் தெரியாத ஒருவர் இறுக்கிய ஆணியை நம்பிக் கொடுக்கிறான். அந்த ஆணி இல்லாமற் போனால் வருகிற கோபம் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. 2006 செப்ரெம்பர் 30 இல் லாவாலில் கொன்கோர்ட் மேம்பாலம் இடிந்து விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். ஐந்து பேர் என்பது கியுபெக் தெருக்களில் அந்தக் காலத்தில் இரண்டு மூன்று நாள் கணக்கு. ஆனால் அந்த ஐந்து பேருக்காக முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் தலைமையில் ஆணைக்குழு வைத்தார்கள், மாகாணத்தின் பாலங்களையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். விழுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் கொங்கிறீற் துண்டுகள் உதிர்ந்ததைப் பார்த்து ஓர் ஊழியர் எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் போயிருந்தார் என்று தெரிந்தபோது சனத்துக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அறியாமை என்று சொல்ல நான் தயாரில்லை.

சாலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973 இல் கியுபெக் தெருக்களில் 2200 பேருக்கு மேல் செத்தார்கள். வாகனம் என்றால் அப்படித்தான், விதி, என்று விட்டிருந்தார்கள். பிறகு சிலர் அப்படி விடமாட்டோம் என்றார்கள். 1976 இல் ஆசனப்பட்டி கட்டாயமானது, குடித்துவிட்டு ஓட்டுவது வெட்கக்கேடானது, இப்போது வருடத்துக்கு நானூறுக்குக் கிட்ட. ஆக, வழமையான சாவும் ஒருநாள் அரிதாக்கப்படலாம். மாஸ்ரரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உருளோடிக்குக் கத்துற சனம் மிச்சத்துக்கும் கத்தவேணும், அதுதானே என்ரை கேள்வி" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

1986 ஐ நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருடம் யூன் 14 ஆம் திகதி எட்மன்ரனில், உலகத்திலேயே பெரிய கடைத்தொகுதி என்று பெருமைப்பட்ட இடத்துக்குள் ஓடிய 'மைன்ட்பென்டர்' உருளோடியின் கடைசிப் பெட்டியில் சில்லுத் தொகுதியொன்று கழன்றது. இருக்கவேண்டிய ஆணிகள் இருக்கவில்லை. பெட்டி கொங்கிறீற் தூணில் அடித்தது, மூன்று பேர் இறந்தார்கள், ஒருவர் படுகாயம். நாடு முழுவதும் அதிர்ந்தது. விசாரணை நடந்தது. அடுத்த வருடம் திறந்தபோது வண்டியில் ஒரு பெட்டி குறைந்திருந்தது, தோளைப் பிடிக்கும் தடுப்புகள் வந்திருந்தன. 2023 இல் அதை ஒரேயடியாகவே மூடிக் கழற்றிவிட்டார்கள்.

அதே கோடை, ஓகஸ்ற் 11 ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்ததை மீனவர்கள் கண்டார்கள். கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிக் கப்ரன் தன் படகைத் திருப்பினார். அவர்களில் பலர் பிறகு இந்த மொன்றியலுக்குத்தான் வந்தார்கள். அந்தப் படகுகளுக்கு என்ன பாதுகாப்பு விதி இருந்தது, எத்தனை பேரை ஏற்றலாம், ஏற்றியவன் யார் என்ற கேள்விகளை விட, எங்கிருந்து வந்தார்கள், பொய் சொன்னார்களா என்ற கேள்விகள்தான் அந்த நாட்களில் உரத்துக் கேட்டன. இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னதும், ஜேர்மனியிலிருந்து வந்தது தெரிந்ததும் பெரிய குற்றமானது. எண்ணிப் பார்த்தால் அந்தப் படகில் இருந்தவரின் ஆபத்து எந்த ராட்டினத்தையும் விட ஆயிரம் மடங்கு. ஆனால் ரிக்கற் வாங்கினவருக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. படகில் வந்தவருக்கு யாரோடும் ஒப்பந்தம் இருக்கவில்லை.

நாங்களும் அப்படித்தான் பழகிப்போனோம். தொண்ணூறுகளின் முதற் பாதியில் கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்த சனத்தைக் கேளுங்கள். போக வேறு பாதை இல்லை. வெளிச்சமில்லாமல், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, வள்ளத்தில். 1993 சனவரி 2 ஆம் திகதி அந்தக் கடலில் வள்ளங்கள் தாக்கப்பட்டுச் சனம் செத்தது. அடுத்தடுத்த நாட்களிலும் சனம் வள்ளம் ஏறியது. ஆஸ்பத்திரி, பரீட்சை, பாஸ், பென்சன் என்று ஆளுக்கொரு காரணம். அங்கே எவரும் 'எத்தனைக்கு ஒன்று' என்று கணக்குப் பார்க்கவில்லை, விசாரணை கேட்டு நிற்கவும் இல்லை. யாரிடம் கேட்பது? கோபப்படுவதற்கும் ஒரு நாடு வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இங்கே வந்த புதிதில், ஒரு ராட்டினத்துக்காகவும் ஒரு பாலத்துக்காகவும் சனம் கொதிப்பதைப் பார்த்து எனக்குள் ஓர் ஏளனம் இருந்தது. மூன்று பேருக்கா இவ்வளவு? கனகாலம் சென்றுதான் எனக்கு விளங்கியது, ஏளனம் செய்யவேண்டியது அவர்களை அல்ல என்று. மூன்று பேருக்கு இவ்வளவு என்பதுதான் சரியான அளவு. எங்களுக்குத்தான் அளவுகோல் முறிந்திருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபடி அந்த 'அப்ப சரி'க்கு வருகிறேன்.

ஒப்பந்தத்தை வைத்துப் பார்த்தால், அந்த 67 வயது மனிதர் ரிக்கற் வாங்கவில்லை, சம்பளம் வாங்கினார். அதனால் அவருடைய சாவு எங்களைப் பயமுறுத்தவில்லை, பயமுறுத்தாததால் எங்களைக் கோபப்படுத்தவும் இல்லை. வேலையிடச் சாவுகளை விசாரிக்கும் சபைக்குரிய விஷயமாக அது போய்விட்டது. சவாரி போனவர் ஒருவர் வம்பீரிலிருந்து விழுந்திருந்தால் பேத்தி தேடாமலே மனைவிக்கு அவருடைய பெயர், பிள்ளைகளின் படம் எல்லாம் தெரிந்திருக்கும். இது இங்கே மட்டுமில்லை. 2016 மே மாதம் சென்னைக்கு அண்மையிலுள்ள கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினம் உடைந்து ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அது வெள்ளோட்டம். அதில் ஏறியிருந்தவர்கள் பணியாளர்கள். காசு கொடுப்பவர் ஏறுவதற்கு முன் சம்பளம் வாங்குபவரை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனின் மூன்று விரல்கள் அழுத்தும் இயந்திரத்துக்குள் போயின. இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள், தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகும் என்று. அவனை அனுப்பிவிட்டு இரத்தத்தைக் கழுவி, அரை மணித்தியாலத்தில் இயந்திரம் ஓடியது. ஓட்டியது நான். மேற்பார்வையாளன் என்னைத்தான் பார்த்தான், நான் போய் நின்றேன். அன்றைக்கு நானும் மனதுக்குள் ஏதோ ஒரு 'அப்ப சரி' சொல்லித்தான் அந்த இடத்தில் நின்றிருக்கவேண்டும். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவன் கவனமில்லாதவன் என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னால் என் விரல்கள் பத்திரம் என்று தோன்றும்.

மாஸ்ரரின் கேள்விக்கு இப்போது என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. அரிதான சாவுக்குச் சனம் கத்துவது பிழையில்லை. அது கத்தக் கத்தத்தான் அந்தச் சாவு அரிதாகவே இருக்கிறது. ஆனால் தான் இருந்திருக்கக்கூடிய ஆசனத்தில் யாரும் செத்தால்தான் அது கத்துகிறது. தண்டவாளத்துக்கு அடியில் நின்றவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதில்லை. நாங்களாவது பார்க்கவேண்டும். இந்த ஊரில் நாங்கள் வந்திறங்கி நின்ற இடமே அந்த அடிப்பகுதிதான், சமையலறையின் பின்பக்கம், தையல் தொழிற்சாலையின் நிலக்கீழ் மாடி. மேலே கத்துகிறவர்களின் குரல் அங்கே நன்றாகக் கேட்கும்.

சனிக்கிழமை போனோம். மெற்றோவில் ஜான் திறாப்போ வரைக்கும், அங்கிருந்து பஸ். மனைவி இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள். பேத்தி உயரக் கட்டையடியில் நிமிர்ந்து நின்று அளவு காட்டினாள். வம்பீரில் ஒரு மாணவப் பெடியன் ஒவ்வொரு தோள் தடுப்பாகக் கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான், பேத்தியினுடையதை இரண்டு தரம் இழுத்தான். மனைவி வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

நான் வேலியோரம் போய் நின்றேன். வேலிக்கு அந்தப்பக்கம், தூண்களுக்குத் தள்ளி, சீருடை போட்ட வயதான மனிதர் ஒருவர் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பேத்தி என்னைப் பார்த்துக் கையாட்டினாளாம், பிறகு கோபித்தாள். வண்டி திரும்பி வந்து நிற்கும்வரைக்கும் நான் அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.